ஏ24 என் பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

முந்தாநாள் போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அம்மா உடம்பே என்னை வேண்டாம்னு சொல்லிட்டுப்பா." அம்மாவுக்கு உன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க, இருக்கிற லீவையெல்லாம் சேர்த்துப் போட்டு தோஹாவிலிருந்து ஓடி வந்தாய். குழாய் குழாயாக ரத்தம் கொடுத்தாய். கடைசியில் கிராஸ் மேட்ச் என்ற பொருத்தச் சோதனை பாசிட்டிவ், அதாவது பொருந்தவில்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பினாய். அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தச் சோதனையை 30 வருஷம் இந்தக் கையால் செய்தவன் நான். அந்தத் தாளில் எழுதியிருப்பது வேறு. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் சின்னச் சின்னதாக 72 குழி. டெராசாகி தட்டு என்போம். லாஸ் ஏஞ்சலிஸில் பால் டெராசாகி 1964இல் வெளியிட்ட முறை. குழி காயாமலிருக்க முதலில் எண்ணெய். அதனடியில் அம்மாவின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், ஒரு மைக்ரோலிட்டர், உன் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டர். அரை மணி கழித்து முயல் சீரம், அதில்தான் காம்ப்ளிமென்ட் என்ற, செல்லைத் துளைக்கும் புரதக் கூட்டம் இருக்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்து இயோசின் சாயம். மைக்ரோஸ்கோப்பில் உயிருள்ள செல் முத்து மாதிரி பளிச்சென்று தெரியும். செத்த செல் சாயத்தைக் குடித்துக் கறுத்துக் கிடக்கும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் செத்திருந்தால் மார்க் 8, அதுதான் உச்சம். நம் வீட்டில் அதிக மார்க்குக்கு அழுதது இந்த ஒரு தடவைதான். டி.டி.டி. என்ற ரசாயனம் போட்டு மறுபடி பார்த்தீர்களா என்று லேபில் கேட்டேன். எதிர்ப்பொருள் என்பது அந்நியமானதைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம். டி.டி.டி. அதில் ஐ.ஜி.எம். என்ற வகையை உடைத்துவிடும், வீண் பயம் பல சமயம் அந்த வகையால்தான் வரும். பார்த்தார்களாம். அப்போதும் 8.

உன் செல்லைக் கொன்றது எது? சிவப்பணு நீங்கலாக அநேகமாக எல்லா செல்லின் மேலும் ஹெச்.எல்.ஏ. புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பாதி அம்மா வழி, பாதி என் வழி. அதன் நுனியில் ஒரு பள்ளம். செல்லுக்குள் உடைந்த புரதத் துணுக்கு ஒன்று, எட்டுப் பத்து அமினோ அமில நீளத்தில், அதில் கிடக்கும். உடம்பின் காவல்காரர்களான டி செல்கள் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும், உள்ளே வைரஸ் ஏதும் இருக்கிறதா என்று. அதற்காக இருக்கும் புரதம்தான் இப்போது உன் அடையாளமாகி மாட்டிவிட்டது.

உன் செல்மேல் ஏ24 என்ற வகை இருக்கிறது. அம்மாவின் சீரத்தில் ஏ24க்கு எதிர்ப்பொருள் இருக்கிறது. அது தன் கைகளால் ஏ24ஐப் பிடித்துக்கொள்ளும், வால் வெளியே நீட்டியிருக்கும். ஒன்றிரண்டு அங்கங்கே தள்ளி நின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நெருக்கமாக நின்றால்தான் வினை. காம்ப்ளிமென்டின் முதல் ஆள் சி1க்யூ, அதற்கு ஆறு தலை. பக்கத்துப் பக்கத்து வால்களைச் சேர்த்துக் கவ்வியதும் விழித்துக்கொள்ளும். பிறகு ஒன்று மற்றொன்றை எழுப்பி, கடைசியில் சி9 புரதங்கள் வட்டமாகக் கூடி செல் சவ்வில் ஓட்டை போடும். சாயம் நுழைகிற வழி அதுதான்.

இதே கூத்து உன் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்ச் சுவரில் நடந்தால், ஆபரேஷன் மேஜையிலேயே அது நீலம் பாரித்துவிடும். 1969இல் படேலும் டெராசாகியும் கணக்கெடுத்தார்கள். பாசிட்டிவ் என்று தெரிந்தும் தெரியாமலும் வைத்த 30 சிறுநீரகங்களில் 24 உடனே போயின. நெகட்டிவ் வந்த 195இல் போனது 8.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏ24 எனக்கு ரொம்பப் பழக்கம். வேலை கற்றுக்கொண்ட நாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலுக்கு எங்கள் ரத்தத்தையேதான் எடுப்போம், அப்படித் தெரிந்துகொண்டது. அது என் வழியாக உனக்கு வந்த பங்கு. உன்னைப் பெற்றபோது உன் ரத்தம் கொஞ்சம் அம்மாவுக்குள் கலந்தது, அவள் உடம்பு ஏ24ஐக் குறித்து வைத்துக்கொண்டது. எல்லாத் தாய்க்கும் இப்படி ஆவதில்லை, நிறையப் பேருக்கு ஆகிறது. 1958இலேயே அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் ஹாலந்தில் வான் ரூடும் பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். பிறகு உலகம் முழுக்க, யாருக்கு எந்த ஹெச்.எல்.ஏ. வகை என்று கண்டுபிடிக்கும் டைப்பிங் சீரத்துக்கு லேப்காரர்கள் பிரசவ வார்டுக்குத்தான் நடந்தார்கள். நானும் ஐஸ் பெட்டியோடு நடந்திருக்கிறேன். உங்கம்மா சீரம் அன்றைக்குக் கிடைத்திருந்தால் ஏ24 குழிக்கு அதையே ஊற்றியிருப்பேன். அவ்வளவு சுத்தமான சரக்கு.

ஆக, நானும் கொடுக்க முடியாது, நீயும் கொடுக்க முடியாது. காரணம் ஒன்றே.

வயிற்றில் இருந்தபோது மட்டும் ஏன் விட்டுவைத்தாள் என்று கேட்பாய். அம்மாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடி செல்கள் ஏ, பி வகைகளை வெளியே காட்டுவதில்லை. அதற்குப் பதில் ஹெச்.எல்.ஏ. ஜி என்று ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கும். அது அம்மாவின் பாதுகாப்பு செல்களை அமைதிப்படுத்துகிற ரகம். என் ஏ24ஐ மறைத்துத்தான் பத்து மாதம் அங்கே குடியிருந்தாய்.

ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றி எதிர்ப்பொருளைக் கழுவலாம் என்று நீ அனுப்பியதைப் படித்தேன். உண்மைதான், செய்கிறார்கள். ஆனால் கழுவினாலும் அதைத் தயாரிக்கிற செல்கள் உள்ளேதான் இருக்கும், திரும்ப ஊறும். வேறு ஆளே இல்லாதவர்களுக்கு அது சரி. நமக்கு ஆள் இருக்கிறது.

மாமா போன வாரம் ரத்தம் கொடுத்தார். ஏ24 இல்லை, அம்மாவோடு பாதி பொருந்துகிறது, கிராஸ் மேட்ச் நெகட்டிவ். ரிசல்ட்டை நானே போய்ப் படித்தேன். கூடப்பிறந்தவர் என்பதால் சட்டத்துக்கும் நெருங்கிய உறவு. இனி சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் டி.டி.பி.ஏ. ஸ்கேன் இருக்கிறது. பீடியை விட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டு 18 நாள் ஆகிறது. பாக்கெட் நிறைய கடலை மிட்டாயோடு அலைகிறார், அதை உங்கம்மாவிடமும் நீட்டித் திட்டு வாங்குகிறார்.

அன்புடன்,
அப்பா