பப் என்றால் மதுக்கடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரை நன்றாக இருந்தது. ஒரே ஒரு சொல்தான் உறுத்துகிறது. ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசி, சாப்பிட்டு, குடிக்கும் கிராமத்துப் பப்பை மூன்று இடங்களில் மதுக்கடை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் நம் ஆட்களுக்குக் கம்பி வலைக்குள் கையை நீட்டி பாட்டில் வாங்கும் கடைதான் ஞாபகத்துக்கு வரும்.

நான் டார்லிங்டனில் வசிக்கிறேன். குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒருமுறையாவது ஹட்ஸ்வெல் பப்புக்குப் போய்விடுவேன். வடக்கு யார்க்‌ஷயரில் ரிச்மண்ட் நகருக்குப் பக்கத்தில், ஸ்வேல் ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கும் குட்டி ஊர் அது. மொத்தமே சில நூறு பேர். ஊர்ப் பப்பான ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ 2008-இல் மூடப்பட்டது. இங்கே மூடிய பப் பெரும்பாலும் வீடாக மாறிவிடும், அப்புறம் திரும்பி வராது. ஹட்ஸ்வெல்காரர்கள் அதற்கு விடவில்லை. கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பங்கு விற்றுப் பணம் சேர்த்து, கட்டடத்தையே வாங்கி 2010-இல் திறந்துவிட்டார்கள். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

பப்போடு சேர்த்து ஒரு சின்னக் கடையும் ஒரு நூலகமும் வந்தன. கடையைப் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்களே, சம்பளம் இல்லாமல். காய்கறி போட்டுக்கொள்ள நிலமும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கேம்ரா என்ற பீர்ப் பிரியர்களின் அமைப்பு 2016-க்கான நாட்டின் சிறந்த பப் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. பின்பக்கம் உட்கார்ந்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எனக்குத் தேநீர் போதும்.

கட்டுரையில் வரும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் இதே கதைதான். பயன்படாமல் நிற்கும் கூண்டை ஒரு பவுண்டு கொடுத்து ஊரே எடுத்துக்கொள்ளலாம் என்று தொலைபேசி நிறுவனம் 2008-இல் அறிவித்தது. சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் என்ற ஊர் மறு வருடமே அதில் புத்தகங்களை அடுக்கி நூலகமாக்கிவிட்டது. பல ஊர்களில் மாரடைப்பு வந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி அதற்குள் இருக்கிறது. கட்டுரையாளர் அதன்முன் நின்று படம் எடுத்தாரே, கதவைத் திறந்து உள்ளே பார்த்தாரா தெரியவில்லை.

இங்கே எல்லாம் அரசாங்கமே செய்து கொடுத்துவிடுகிறது என்ற தொனியும் கட்டுரையில் இருக்கிறது. 2011-இல் ஒரு சட்டம் வந்தது, சரி. ஊருக்கு முக்கியமான இடம் என்று பதிவான பப்போ கடையோ விற்பனைக்கு வந்தால், ஊர்க்காரர்கள் விலை பேச ஆறு மாத அவகாசம் கேட்கலாம். அவ்வளவுதான். பணம் அவர்கள்தான் புரட்ட வேண்டும். உரிமையாளர் அவர்களுக்குத்தான் விற்றாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

அடுத்த முறை பப் என்றே விட்டுவிடுங்கள். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ஊர்ச்சாவடி என்று போடலாம். பீரும் கிடைக்கும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டார்லிங்டன், இங்கிலாந்து