ஐ ஸ்குவேர் ஆரா, வி ஸ்குவேர் பை ஆரா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்துல கரண்ட் கணக்கு போட்டிருந்தீங்க, வோல்டேஜை ஆம்பியரால வகுத்தா ஓம், ரெண்டையும் பெருக்கினா வாட்ஸ், அதுக்குக் கீழ அதே வாட்ஸுக்கு ஐ ஸ்குவேர் ஆர், வி ஸ்குவேர் பை ஆர்னு இன்னும் ரெண்டு (ஐன்னா ஆம்பியர், வின்னா வோல்டேஜ், ஆர்னா ஓம்ல அளக்குற ரெசிஸ்டன்ஸ், அதான் மின்தடை), மனப்பாடம் பண்ணிக்கோங்கன்னு ஒரு வரி. தப்பு ஒண்ணும் இல்லீங்க. ஆனா அதைப் படிச்சுட்டு என் பேத்தி (படிவம் 5, ஸ்கூல்ல எல்லாம் மலாய்லதான், மின்தடைன்னா முழிப்பா, ரிந்தாஙான்னு சொன்னாதான் ஓடும்) ஒரு கேள்வி கேட்டா பாருங்க. "தாத்தா, ஒண்ணுல ஆர் மேல இருக்கு, இன்னொண்ணுல கீழ இருக்கு, அப்போ ரெசிஸ்டன்ஸ் கூடினா சூடு கூடுமா குறையுமா?" பயான் லெப்பாஸ் ஃபேக்டரியில 27 வருஷம் டெக்னீஷியனா குப்பை கொட்டினவன் நான், சட்டுன்னு வாயில பதில் வரல.

கிச்சன்ல இருந்த கெட்டிலை எடுத்துக் கவுத்துப் பார்த்தோம். அடியில 220-240 வோல்ட், 1850-2200 வாட்ஸ்னு போட்டிருக்கு. ஏன் ரெண்டு ரெண்டு நம்பர்னு இத்தனை நாள் யோசிச்சதே இல்ல. 220 தடவை 220, அதை 1850ஆல வகுத்தா 26.2 ஓம் சொச்சம். 240 தடவை 240, அதை 2200ஆல வகுத்தாலும் அதே 26.2. ஆக உள்ள இருக்குற காயில் ஒண்ணுதான், வோல்டேஜ் ஏறினா வாட்ஸ் ஏறுது, அவ்ளோதான். நம்ம மலேசியாவுல 240ஆ இருந்ததை 2008லேருந்து 230னு ஆக்கிட்டாங்க, 230ஐ 26.2ஆல வகுத்தா 8.8 ஆம்பியர், பெருக்கினா 2020 வாட்ஸ் கிட்ட. அப்புறம் பிளக்கை சுவத்துலேருந்து உருவிட்டு (இதை மறந்துடாதீங்க புள்ளைங்களா, சொருகி வச்சுக்கிட்டு ஓம் பார்க்கக் கூடாது) கெட்டில் ஸ்விட்சை மட்டும் தட்டிவிட்டு பிளக்கோட லைவ் பின்னுலயும் நியூட்ரல் பின்னுலயும் மீட்டர் வச்சோம், 26 காட்டுச்சு, பேத்தி மூஞ்சியைப் பார்க்கணுமே. பழைய குண்டு பல்புல இப்படி வராது, அது எரியாம ஆறிப்போய் இருக்கும்போது ஓம் ரொம்பக் கம்மி, எரிஞ்சு சூடானா பத்து மடங்குக்கு மேல ஏறிடும். ஃபேன், ஏர்கோண்டெல்லாம் வேற கணக்கு, அங்க வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினது அப்படியே வாட்ஸ் ஆகாது, அது இப்ப வேணாம்.

இப்போ கேள்விக்கு வரேன். அதுக்கு எங்க வீட்டு மானம் கொஞ்சம் போகணும், பரவால்ல. இந்தத் தைப்பூசத்துக்கு சுங்கை பட்டாணியிலேருந்து சொந்தக்காரங்க பதினோரு பேர் வந்து தங்கினாங்க, தண்ணீர்மலைக்குப் போக விடியக்காலையில எல்லாரும் ரெடி, வீட்டுக்காரம்மா ஒரே எக்ஸ்டென்ஷன்ல கெட்டிலையும் ஏர் ஃப்ரையரையும் மாட்டிவிட்டாங்க. ஏர் ஃப்ரையர் 1500 வாட்ஸ், அது ஒரு 6.5 ஆம்பியர், கெட்டிலோட சேர்த்தா 15.3. 13 ஆம்பியர் பிளக் அது. பிளக்குக்குள்ள இருக்குற ஃபியூஸ் போச்சான்னா போகல, ஏன்னா 13னு எழுதியிருந்தா 13ஐத் தாண்டின உடனே போயிடும்னு அர்த்தம் இல்ல, கொஞ்சம் மேல போனா ரொம்ப நேரம் தாங்கிக்கிட்டு நிக்கும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல டெஸ்ட் பட்டன் வச்ச ட்ரிப் ஸ்விட்ச் இருக்கே, அதுவும் விழல, அது கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சாதான் விழும், லோடு கூடினா அதுக்குத் தெரியாது. மீன் கவுச்சி மாதிரி ஒரு நாத்தம் வந்துச்சு, நான் கூட வெளிய காலுவாய்லேருந்து வருதுன்னு நெனச்சேன். போய்த் தொட்டா எக்ஸ்டென்ஷனோட பிளக் சுடுது, நடுவுல பிரவுனா உருகிப்போயிருக்கு.

அந்தப் பிளக் சுவத்து ஓட்டையில நெடுநாளா லூஸ், ஆடும். லூஸா இருக்குற இடத்துல 0.2 ஓம்னு வச்சுக்கோங்க. ஒரு சாதாரண மீட்டர் வயரே அவ்ளோ காட்டும், அதனால அளந்து கண்டுபிடிக்கறதும் கஷ்டம். 15.3 தடவை 15.3 தடவை 0.2, கிட்டத்தட்ட 47 வாட்ஸ். ஃபேக்டரியில நான் ஈயம் பத்த வச்ச சால்டரிங் அயர்ன் 40 வாட்ஸ்தான் ஐயா! அதைவிடக் கூட சூடு, ஒரு கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குள்ள. அங்க விழுற வோல்டேஜ் வெறும் 3, அதனால கெட்டில் பாட்டுக்கு நல்லாவே கொதிக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

பேத்திகிட்ட இப்படித்தான் சொன்னேன். கெட்டில் காயிலுக்கு முழு 230 வோல்ட்டும் கிடைக்குது, அங்க ஓம் கூடினா ஆம்பியர் குறையும், சூடும் குறையும், அதுக்கு வி ஸ்குவேர் பை ஆர் போடு. லூஸ் பிளக் அப்படி இல்ல, எவ்ளோ ஆம்பியர் போகணும்னு கெட்டிலும் ஃப்ரையரும் முடிவு பண்ணிடுச்சு, பிளக் வழியில நிக்குற ஆளு, அதோட ஓம் 0.1லேருந்து 0.2 ஆனா ஆம்பியர்ல ஒண்ணும் பெருசா மாறாது, சூடு மட்டும் டபுள், அதுக்கு ஐ ஸ்குவேர் ஆர். ரெண்டு ஃபார்முலாவும் சண்டை போடல, எது மாறாம நிக்குதுன்னு பார்க்கணும். "அப்போ ஃப்ரையரைக் கழட்டியிருந்தா?"ன்னா. 8.8 தடவை 8.8 தடவை 0.2, 15 வாட்ஸ் சொச்சம், மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கிடுது. அதை அவளேதான் போட்டா.

அடுத்த தடவை கணக்கு போடும்போது "ஒரு மின்தடை ஆர்"னு போடாம கெட்டில், ஐயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் லேபிளைப் போடுங்க, புள்ளைங்க வீட்டுல போய்க் கவுத்துப் பார்க்கட்டும். எங்க வீட்டுக் கருகுன பிளக்கை இன்னும் தூக்கிப் போடல, படம் வேணும்னா எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு