உபவாசத்துக்கு முன் இதைப் படி, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. அஸ்தம்பட்டியில் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலமானால் ஏற்காடு பக்கம் மட்டும் கறுத்துக்கொண்டு நிற்கும், இங்கே ஒரு சொட்டு விழாது. மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது. உனக்கு அனுப்பலாமா கூடாதா என்று தெரியாமல் அப்பா கடையில் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த வருஷமும் ஏற்காட்டில் ரிட்ரீட் வைத்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற வரைக்கும் பஸ்ஸில் ஒரே பாட்டு. உங்கள் பெண் இருந்தால் எப்படிப் பாடுவாள் என்று எல்லாரும் உன்னையே கேட்டார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. செய்தியின் தலைப்பு, தேவனுக்கு முழுமையாய் ஒப்புக்கொடுத்தல். அதற்கப்புறம் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, மனசெல்லாம் பெங்களூரில் இருந்தது.

நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் கைகூப்புகிற படம் ஒன்று வருகிறது. பெற்றவளுக்கு அது போதுமா?

ஃபிரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் உன் இன்சுலினுக்கு இன்னும் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு வந்தபோது நீ அதில் எதையும் வைக்கவில்லை. இன்சுலின் பேனா பையிலேயே இருக்கிறது என்றாய். சேலத்து வெயிலில் பையிலா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. உன் முகத்தைப் பார்த்துவிட்டு சாப்பாடு போடப் போய்விட்டேன்.

தம்பி சொல்லிவிட்டான். அவன் மேல் கோபப்படாதே, அழுதுகொண்டேதான் சொன்னான். 21 நாள் உபவாசமாம், ஊசியையும் அதோடு கர்த்தருடைய பாதத்தில் வைத்துவிடப் போகிறாயாம், ஊசி போடுகிறவளுக்கு விசுவாசம் எங்கே இருக்கிறது என்று உங்கள் ஜெபக்குழுவில் யாரோ கேட்டார்களாம்.

நானும் வேதம் வாசிக்கிறவள்தான் கண்ணு. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டுகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்படிக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி அவன் புண்ணின் மேல் பற்றுப் போட வைத்தார். பவுலின் உறுமால் பட்டே வியாதிக்காரர் சுகமானார்கள், அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவிட்டு வந்தார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று அவர் எழுதினாரா? அவர் கூடவே இருந்த லூக்கா வைத்தியர். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனத்தோடு வந்து பேசியது பிசாசு என்று உனக்கே தெரியும். இயேசு குதிக்கவில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் அவர் தம்முடைய சித்தத்தைப் பிதாவிடம் விட்டார். நாம் என்னடாவென்றால், இந்தத் தேதிக்குள் இந்த வழியில்தான் சுகமாக்க வேண்டும் என்று பிதாவுக்கே வழி சொல்லிக் கொடுக்கிறோம், அதற்கு ஒப்புக்கொடுத்தல் என்று பேரும் வைக்கிறோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உனக்கு முதன்முதலில் சுகரைக் கண்டுபிடித்தபோது ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி வராந்தாவில் உட்கார்ந்து உனக்குச் சொன்னேனே. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனார்கள், ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று வீட்டார் சொன்னதால். இந்தியாவே வேண்டாம் என்றிருந்த பெண், அந்த ராத்திரிக்குப் பிறகு தன்னைக் கர்த்தருக்குக் கொடுத்தாள். கொடுத்தவள் என்ன செய்தாள்? டாக்டருக்குப் படிக்கப் போனாள். 1899-ல் படிப்பு முடிந்தது, 1900-ல் வேலூருக்குத் திரும்பி வந்து ஒரே ஒரு கட்டிலோடு அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தாள். அந்த ஒப்புக்கொடுத்தலால்தான் நீ இன்று உயிரோடு இருக்கிறாய்.

1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு டாக்டர்கள் கொடுத்த வைத்தியம் பட்டினி, கண்ணு. எலும்பும் தோலுமாய்க் கிடத்தி நாளைத் தள்ளினார்கள். பெற்றவர்கள் ஜெபம் பண்ணாமலா இருந்திருப்பார்கள்?

உன் சுகர் அப்பாவுடைய சுகர் மாதிரி இல்லை. அவர் ஒருநாள் மாத்திரையை மறந்தால் என்னிடம் திட்டு வாங்குவார், அவ்வளவுதான். உனக்கு இன்சுலின் சுரப்பதே இல்லை. சாப்பிடாத நாளிலும் அந்த ராத்திரி ஊசி உனக்கு வேண்டும். அதை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே தாகம், வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு, மூச்சில் அழுகின பழ வாசனை. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அந்த வாசனையை நான் முகர்ந்திருக்கிறேன். உனக்கு அது ஞாபகம் இருக்காது, நீ நினைவில்லாமல் கிடந்தாய்.

உபவாசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரைக் கேள், அவர் சொல்கிறபடி இரு. தேவனுக்குப் பிரியமான உபவாசம் எது என்று ஏசாயா 58-ல் இருக்கிறது, பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று. தசமபாகம் போக, அந்த ஆத்தூர்ப் பையனுக்கு நீதானே ஃபீஸ் கட்டுகிறாய்? சபையில் இதை யாரிடமும் சொல்லாதே என்றாய், நானும் சொல்லவில்லை, ஆனால் நினைக்கிறபோதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோகிறது. அவ்வளவு செய்கிற பெண், அம்மாவின் ஒரு போனை எடுக்கக் கூடாதா?

ஞானஸ்நானத்தன்றே உன்னைக் கர்த்தருக்குக் கொடுத்தாகிவிட்டது. அன்னாளும் சாமுவேலைக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு வருஷா வருஷம் அவனுக்குச் சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். கர்த்தர் அதைத் தவறென்று சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை அப்பாவும் நானும் வருகிறோம், வேண்டாம் என்று சொல்லாதே. உங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவரையும் பார்க்க வேண்டும். சண்டை போட அல்ல, உன் வியாதி என்னவென்று அவருக்குத் தெரியுமா என்று கேட்கத்தான். அதுவரைக்கும் ராத்திரி ஊசியை விடாதே. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பில் ஏறுகிற அமிலம், அந்தக் கீட்டோனைப் பார்க்கிற ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தால் இன்றைக்கே வாங்கு. வாந்தி வந்தால் ஜெபத்துக்கு ஆள் கூப்பிடு, அதற்கு முன்னால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ராத்திரி ஊசியை விடாதே கண்ணு. இதைப் படித்ததும் சுகர் பார்த்து எவ்வளவு என்று எனக்கு அனுப்பு, எவ்வளவு இருந்தாலும் நான் திட்ட மாட்டேன்.

அம்மா