குளிர்கால ஆர்டர் போடும் முன்: கேட்ஸ்கில் பக்கம் ட்ரவுட் பிடிக்கும் நம் ஆட்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் குடியிருந்துகொண்டு, வசந்தம் வந்தால் ட்ரவுட் மீன் பிடிக்க நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பக்கத்து பீவர்கில், வில்லோவீமாக் ஆறுகளில் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நிற்கும் நம் கூட்டத்துக்கு எழுதுகிறேன். ஃப்ளை, அதாவது கொக்கியில் இறகும் ரோமமும் சுற்றிச் செய்யும் செயற்கைப் பூச்சித் தூண்டில், கட்டுவதற்கான சாமான்களை எல்லோரும் சேர்ந்து இணையத்தில் மொத்தமாக வாங்கினால் நல்ல தள்ளுபடி கிடைக்கும் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார். ஆனால் அதில் பாதியை அப்படி வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

கொக்கி, நூல், மணி, கம்பி இதெல்லாம் சரி. ஒரே கம்பெனியின் 14-ஆம் எண் கொக்கி எங்கே வாங்கினாலும் அதேதான். இறகும் ரோமமும் அப்படி இல்லை.

சேவலின் கழுத்துத் தோலை இறகோடு உரித்துக் காயவைத்த கேப், நல்ல தரமென்றால் நூறு டாலரைத் தாண்டும். ஒரே பண்ணையிலிருந்து ஒரே தரம் என்று வந்தாலும் இரண்டு கேப் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் 12, 14-ஆம் எண் கொக்கிகளுக்கான இறகு அடர்ந்திருக்கும், இன்னொன்றில் 18, 20 எண் சிறு கொக்கிகளுக்கானதுதான் நிறைய. கடையில் என்றால் உறையிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். ஒரு இறகைப் பிடித்து லேசாக வளைத்தால் இழைகள் எழுந்து நிற்கும். அவற்றின் நீளம் கொக்கியின் வாய் அகலத்தில் ஒன்றரை மடங்கு இருந்தால் அந்தக் கொக்கிக்குப் பொருந்தும். தண்டை ஒட்டி மங்கலாகத் தெரியும் மெத்தென்ற பகுதி குறைவாக இருக்க வேண்டும், அது தண்ணீர் குடிக்கும், ஃப்ளை மிதக்காது. அப்புறம் நிறம். டன் (dun, ஒருவிதச் சாம்பல் நிறம்) என்று எழுதியிருக்கும் இரண்டு கேப்களை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் ஒன்று நீலம் காட்டும், ஒன்று பழுப்படிக்கும். போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டியலில் 'மான் ரோமம்' என்று ஒரே வரி. எந்த மான் ரோமம்? பாஸ் மீனுக்கான பெரிய ஃப்ளையில் தலை கட்ட, பருமனான, உள்ளே காற்று நிறைந்த ரோமம் வேண்டும், நூலை இறுக்கியதும் நாலாபக்கமும் விரிய வேண்டும். கம்பாரடன் என்ற சின்ன மிதக்கும் ஃப்ளையின் சிறகுக்கு அப்படி விரிந்தால் காரியம் கெட்டது. என்ன கட்டப்போகிறீர்கள் என்று சொன்னால் போதும், கடைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து நூல் சுற்றியே காட்டிவிடுவார்.

2011 நினைவிருக்கிறதா? தலைமுடியில் சேவல் இறகு கோத்துக்கொள்வது ஃபேஷன் ஆகி, சேவலின் பின்முதுகில் வளரும் நீளமான சேடில் இறகுகளை சலூன்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இணையத்தில் விலை பல மடங்கு ஏறியது. சேவல் வளர்ந்து இறகு முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும், பண்ணைக்காரர்களும் அவசரத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நேரத்தில் சில ஃப்ளை கடைக்காரர்கள் சலூன்களுக்கு விற்க மறுத்து, வழக்கமாக வரும் தூண்டில்காரர்களுக்கென்று எடுத்து வைத்தார்கள். கூட விலைக்கு விற்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. சால்மன் ஃப்ளைகளின் கன்னத்தில் வைக்கும், மெழுகுப் பொட்டு போட்டது போன்ற இறகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச்சேவலுடையது. இந்தியாவில் அந்தப் பறவையைச் சட்டம் காக்கிறது, இறகு ஏற்றுமதிக்கும் தடை. முறையாகக் கிடைப்பது பிரிட்டன் போன்ற இடங்களில் பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகு. 2009-இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. சால்மன் ஃப்ளை கட்டுபவர்களுக்கு இணையத்தில் விற்கத்தான். வாங்கியவர்களில் பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கடையில் வாங்கினால், எங்கிருந்து வந்தது என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

கேட்ஸ்கில் ஆறுகளின் கதையே இந்தச் சின்னக் கடைகளோடு பின்னிக் கிடக்கிறது. நாம் வசந்தத்தில் கட்டி வீசும் ஹென்ட்ரிக்சன் என்ற ஃப்ளை, 1916-இல் ராய் ஸ்டீன்ராட் பீவர்கில்லில் உருவாக்கியது. லிவிங்ஸ்டன் மேனர் ஊரில் இருக்கும் டெட் (Dette) ஃப்ளை கடை, 1928-இல் வால்ட், வின்னி தம்பதி தொடங்கியது. ஏப்ரலில் இப்படி ஏதாவது கடைக்குள் நுழைந்து, எந்தப் பூச்சி கிளம்புகிறது, தண்ணீர் எப்படி, எந்தப் பக்கம் இறங்கலாம் என்று எல்லாம் கேட்டுக்கொண்டு, கழிப்பறையையும் பயன்படுத்திவிட்டு வருகிறோம். அதற்கு பில் கிடையாது. ஜனவரியில் யாரும் கைடு கேட்டோ வேடர் (தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் நீர்புகா உடை) வாங்கவோ வருவதில்லை. சில டாலர் பாக்கெட்டுகளை விற்றுத்தான் வாடகையும் கரண்ட் பில்லும் கட்டியாக வேண்டும்.

விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், மறுக்கவில்லை. கடைக்காரர்கள் எல்லோரும் தங்கம் என்றும் சொல்லமாட்டேன். புதிதாக வருகிறவனை ஏற இறங்கப் பார்க்கிற ஆட்களும் உண்டு. அங்கே போகாதீர்கள், பக்கத்து ஊரில் இன்னொரு கடை இருக்கிறது.

ஆகவே பட்டியலிலிருந்து கேப், சேடில், மான் ரோமம், நரி ரோமம் நான்கையும் எடுத்துவிடுங்கள். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சேர்ந்து போவோம். இத்தனை பேர் வருகிறோம், இன்னின்னது வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்துவிட்டால், இல்லாததை வரவழைத்து வைக்கச் சொல்லலாம். முழு கேப் கட்டுப்படியாகாதவர்கள் அரை கேப் கேளுங்கள், இல்லையென்றால் இருவர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கொக்கி ஆர்டரைத் தாராளமாகப் போடலாம். அதில் என் பெயரில் 16-ஆம் எண் நூறு எழுதிக்கொள்ளுங்கள்.