உன் பயிற்சி நோட்டில் இல்லாத ஒரு பத்தி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். ஆறு மாதமாக விடியற்காலை ஐந்து மணிக்கே கோட்டை மைதானத்துக்குப் போய்விடுகிறாய் என்றும், ஆனாலும் நூறு மீட்டர் 12.4 விநாடியிலேயே நிற்கிறது என்றும் அக்கா வருத்தத்தோடு சொன்னாள். போன வாரம் உன் பயிற்சி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு நூறு மீட்டர் ஓட்டங்கள், ஒவ்வொன்றின் நேரமும் எழுதியிருக்கிறாய். இடையில் எத்தனை நிமிடம் நின்றாய் என்பது மட்டும் எங்குமே இல்லை.

இந்த வழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன்னோடு ஓடும் பையன்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அவர்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். களைப்போடு ஓடிப் பழகுவது அவர்களுக்குப் பயன்படும். உன் ஓட்டம் பன்னிரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது. அதற்கான சக்தியில் ஒரு பெரிய பங்கு தசைக்குள் சேர்ந்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளிலிருந்து வருகிறது. முழு வேகத்தில் ஓடினால் சில விநாடிகளிலேயே அது வெகுவாகக் குறைந்துவிடும். அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி திரும்பும். மீதி நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். மூச்சு அதற்கு முன்பே சீராகிவிடுவதால், தயாராகிவிட்டோம் என்று நீ ஏமாந்துபோகிறாய். முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு நிமிடம் ஓய்வு என்று பயிற்சியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி உன் நூறு மீட்டருக்குப் பத்து நிமிடம்.

பத்து நிமிடம் சும்மா நிற்பது உனக்குக் கூச்சமாக இருக்கலாம். நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வென்றார். ஒருமுறை தூக்கிய பிறகு பளுதூக்குகிறவர்கள் நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை யாரும் சோம்பல் என்பதில்லை. ஓடுகிறவன் உட்கார்ந்தால் மட்டும் ஏனோ நமக்குக் கண் உறுத்துகிறது.

உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடியபோது, 60 முதல் 80 மீட்டர் வரை எடுத்துக்கொண்டது 1.61 விநாடி, கடைசி இருபது மீட்டருக்கு 1.66. நன்றாக ஓய்ந்த உடம்போடு ஓடிய அவருக்கே வேகம் தளர்ந்தது என்றால், உன் பன்னிரண்டாவது ஓட்டத்தில் கால்கள் எதைக் கற்றுக்கொள்ளும்? தரையில் பாதம் நீண்ட நேரம் தங்குவதையும், முழங்கால் தாழ்வதையும்தான்.

உன் வயதில் நானும் இதே பிழையைச் செய்தேன். தொடர்ந்து ஐந்தாம் நாள் முழு வேகத்தில் ஓடியபோது தொடையின் பின்புறம் ‘பட்’டென்று பிடித்துக்கொண்டது. முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தை அடக்க வேண்டியிருக்கிறது. களைத்த தசை பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது. ஏழு வாரம் நொண்டினேன். அந்த ஏழு வாரமும் உன் பாட்டி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆகவே முழு வேக நாட்களுக்கு நடுவே 48 மணி நேரமாவது விடு. செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் மெல்லோட்டமும் இடுப்புக்கும் வயிற்றுக்குமான பயிற்சிகளும் செய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓட்டங்களைப் பாதியாகக் குறைத்துவிடு.

தூக்கத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. உடம்பின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். தசையைச் சீர்செய்ய உதவும் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்த உறக்கத்தில்தான். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூரில், பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடிக்குக் கீழே படுத்துக்கொண்டு, பதினொன்றரை வரை கைப்பேசி பார்த்துவிட்டு நாலரைக்கு எழுந்தால் என்ன மிஞ்சும்? மாடியில் மாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒன்பதரைக்குப் படு. இரவு தூக்கம் கெட்டால், மறுநாள் நோட்டில் செவ்வாய் என்று இருந்தாலும் முழு வேகம் வேண்டாம்.

ஞாயிறு காலை அக்கா வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் நோட்டில் ‘இடைவெளி’ என்று ஒரு பத்தி கோடு போட்டு வை. இந்த நான்கு நாளும் ஓடாமல் இரு. அன்றைக்கு ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கும்.

அன்புடன்,
மாமா