கொம்பனைக் கொல்றதுக்கு முன்னால: கோவைப் பக்கம் கேம் செய்யற பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளே, தங்கச்சிகளே,

வணக்கமுங்க. நான் சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டற ஆளு. பன்னெண்டு தறி. கேம் செய்யறதைப் பத்தி உங்களுக்குச் சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதைன்னு கேட்டா, பெருசா ஒண்ணுமில்ல. ‘செகிரோ’ங்கற வீடியோ கேமைக் கடைசி வரைக்கும் விளையாடி முடிச்சவன், அவ்வளவுதான்.

போன மாசம் அக்கா பையன் ஒறம்பரைக்கு வந்திருந்தான். அவன் கூட்டாளிக நாலஞ்சு பேரு சேர்ந்து நம்ம கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை கேமா செய்யப் போறாங்கன்னு சொன்னான். பொன்னர், சங்கர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அவங்க தங்கச்சி தங்காள், கொம்பன்ங்கற பன்னின்னு எல்லாம் வருதாம். கேட்டதும் எனக்குக் கொள்ளைச் சந்தோசம். அப்புறம் போனைத் திறந்து ஒரு படம் காட்டினான். சங்கர் கட்டுமஸ்தா நிக்கறாரு, எதுக்கால மலையாட்டம் ஒரு பன்னி, அதுக்கு மேல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு செகப்புப் பட்டை. வெட்ட வெட்டப் பட்டை குறையுமாம், தீர்ந்தா பன்னி செத்துருமாம். எனக்கு வெசனம் புடிச்சுக்கிச்சு. அதான் எழுதறேன்.

செகிரோ 2019-ல வந்தது. ஜப்பான்ல ஃப்ரம்சாஃப்ட்வேர் செஞ்சது, இயக்குனது ஹிடெடாகா மியாசாகி. அந்த வருசம் தி கேம் அவார்ட்ஸ்ல சிறந்த கேம்ங்கற விருதும் வாங்குச்சு. உங்களுக்குத் தெரியாததில்ல. எனக்குத்தான் எல்லாரும் முடிச்சு வருசக்கணக்கு கழிச்சு கைக்கு வந்துச்சு. அக்கா பையன் விட்டுட்டுப் போன பழைய ப்ளேஸ்டேஷன், அதுக்குள்ள இந்த டிஸ்க்.

கூலி உயர்வு கேட்டு நாங்க தறியை நிறுத்தியிருந்த சமயம் அது. தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகினவனுக்கு அமைதி வந்தா தூக்கம் வராது. ராத்திரி பதினோரு மணிக்கு கன்ட்ரோலரைக் கையில எடுப்பேன். முதல் வாரம் வாங்கின அடிக்கு அளவே இல்ல. ஈசி மோடு எங்கேன்னு தேடினேன். அந்தப் பேச்சே அங்க கிடையாது.

ஒரு ராத்திரி கண்ணை நம்பறதை விட்டுட்டேன். காதை நம்பினேன். பாவு அறுந்துச்சுன்னா தறிக்காரன் அதைக் கண்ணால கண்டுபுடிக்கறதுக்கு முன்னாலயே காது சொல்லிரும். பன்னெண்டு தறி ஓடற கொட்டாயில ஒண்ணு தாளம் தப்பினாக்கூட, முதுகைக் காட்டி நின்னாலும் எந்தத் தறின்னு சொல்லுவோம். செகிரோவுல கத்தியைச் சரியான நேரத்துல தட்டிவிட்டா ஒரு சத்தம், கொஞ்சம் முந்திப் புடிச்சுச் சும்மா தடுத்தா இன்னொரு சத்தம். அது பிடிபட்டதுக்கு அப்புறம் எதிரி எனக்குத் தறி மாதிரி ஆயிட்டான்.

அங்கயும் உயிர்ப் பட்டை உண்டு. ஆனா நிஜமான சண்டை எதிரியோட நிலையைக் குலைக்கறதுலதான். அவன் அடியைத் தட்டித் தட்டி நிலைகுலைய வச்சா ஒரே குத்து. பயந்து பின்னால போனா, அந்த இடைவெளியில அவன் மூச்சு வாங்கித் தன் நிலையைத் திரும்பப் புடிச்சுக்குவான். ஈட்டியை நேரா நெஞ்சுக்குக் குத்த வந்தா, ஒதுங்காம எதுக்கால ஒரு எட்டு வச்சு ஈட்டியை மிதிச்சு அமுக்கோணும். முதல் நாள் உடம்பு கேக்காது, விரல் பின்னாலதான் இழுக்கும். கோட்டை உச்சியில கெனிச்சிரோங்கற எதிரி எனக்குப் பரீட்சை வச்சான். அதுவரைக்கும் கத்துக்கிட்டது மொத்தத்தையும் கேட்டான், கடைசியில சட்டையைக் கழட்டிட்டு மின்னலை எறிஞ்சான். அந்தரத்துல நிக்கும்போதே மின்னலை வாங்கி, கால் தரையில படறதுக்குள்ள திருப்பி எறியோணும். அன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு நான் போட்ட சத்தத்துல வீட்டுக்காரி எந்திரிச்சு வந்து பாத்தா. ஒண்ணுமில்ல, தூங்குன்னு சொன்னேன்.

கெனிச்சிரோ கெட்டவனான்னு கேட்டா எனக்கு இன்னைக்கும் சரியாப் பதில் வராது. அவன் அந்த நாட்டை ஆள்ற அஷினா வம்சத்துல பொறந்தவன் இல்ல, எடுத்து வளத்த புள்ள. அந்த நாடு அழியப் போகுதுன்னு தெரிஞ்சு, அதைக் காப்பாத்த எந்தப் பாவத்தையும் செய்யத் துணிஞ்சவன். நாம ஆடற நிஞ்சாவோட கையை வெட்டினவன் அவன், நாம காப்பாத்த வந்த சின்னப் பையன் குரோவைத் தூக்கிட்டுப் போனவனும் அவன்தான். ஆனாலும் அவன் ஊரு அவனுக்கு ஊருதானே?

குரங்கைப் பத்திச் சொல்லாம இருக்க முடியாது. பள்ளத்துல ஒரு பெரிய வெள்ளைக் குரங்கு. பாடுபட்டு அதோட தலையை வெட்டினேன். கொன்னாச்சுன்னு எழுத்தும் வந்துருச்சு. கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனா, அது எந்திரிச்சு, தன் தலையைத் தானே ஒரு கையில எடுத்துக்கிட்டு வருது. சிரிக்கறதா பயப்படறதான்னு தெரியல. அதோட வயித்துக்குள்ளிருந்து மெலிசான ஒரு விரல் கிடைக்கும். அந்த விரல் யாருதுன்னு விசாரிச்சா, நமக்குக் கை செஞ்சு குடுத்துட்டுப் பாழடைஞ்ச கோயில்ல உக்காந்து புத்தர் சிலையாச் செதுக்கிக்கிட்டிருக்கற கிழவரோட பழைய கூட்டாளிதுன்னு தெரியவரும். விரலை அவர்கிட்டயே குடுத்தா, அதை வச்சு ஒரு ஊதல் செஞ்சு குடுப்பாரு. கதை முடியற சமயத்துல ஊருக்கு வெளிய நெருப்பு பத்தின ஒரு பேய் நிக்குது. கிட்டப் போயிச் சண்டை போடப் போட, அது அந்தக் கிழவர்தான்னு நெஞ்சுக்குள்ள உறைக்குது. அந்த ஊதலோட ஒரு மோதிரத்தைச் சேர்த்து வச்சிருந்து ஊதினா கொஞ்ச நேரம் அப்படியே உறைஞ்சு நிக்குது. எந்தப் பாத்திரமும் எந்திரிச்சு நின்னு எனக்கு இதை விளக்கல. என் கையில இருந்த ஒரு பொருள், அதை ஊதறதா வேண்டாமான்னு ஒரு தயக்கம், அதுலயே முழுக் கதையும் இருந்துச்சு.

குறை இல்லாமலும் இல்ல. அந்த நெருப்புப் பேயோட சண்டை, கத்தியைத் தட்டித் தட்டிக் கத்துக்கிட்டவனுக்கு அந்நியமா இருக்கு. ஓடி ஓடித்தான் அடிக்கோணும். மரமாட்டம் நிக்கற பெரிய டிராகன் பார்க்க அழகு, சண்டையின்னு பார்த்தா வெறும் வாணவேடிக்கை. பாதிக் கதையைப் பொருள்களோட குறிப்புக்குள்ள சின்ன எழுத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க. எனக்கு இருக்கற இங்கிலீசுக்கு அதை அகராதி வச்சுத்தான் படிக்க முடிஞ்சுது. நீங்க தமிழ்ல செய்யறீங்க, தயவுசெஞ்சு அந்தப் பாவத்தைச் செய்யாதீங்க.

இப்ப அண்ணன்மாருக்கு வர்றேன்.

எங்க பக்கம் அண்ணன்மார் கோயில்ல உடுக்கையடிச்சு ராத்திரி ராத்திரியாக் கதை படிப்பாங்க. கடைசியில படுகளம். கதையில அண்ணன்மார் சாயற இடத்துல, அருள் வந்த ஆளுக நிஜமாவே விழுவாங்க. செத்த மாதிரி அசையாம கிடப்பாங்க. எனக்கு ஏழு வயசுல எங்கய்யன் அப்படி விழுந்தாரு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், எந்திரிக்கல. எங்காத்தா என் வாயைப் பொத்திக்கிட்டா. தீர்த்தம் தெளிச்சு எழுப்பினப்போ கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வையில என்னை அடையாளம் தெரிஞ்ச மாதிரியே இல்ல. அப்புறம் மெதுவா, வெளியூரிலிருந்து திரும்பி வர்றவரு மாதிரி, எங்கய்யனா ஆனாரு.

செகிரோவுலயும் செத்து எந்திரிக்கலாம். மத்த கேம்ல சாவுன்னா ஒரு பட்டனை அழுத்தறது, அதோட சரி. இதுல நாம மறுபடி மறுபடி செத்து எந்திரிச்சா ஊர்ல இருக்கறவங்களுக்கு இருமல் நோய் வருது. நமக்கு நல்லது சொன்ன கிழவி இருமறா, சாமான் விக்கறவன் இருமறான். நாம வாங்கின உயிரு அவங்ககிட்டிருந்து போனதுன்னு வைத்தியர் எம்மா சொல்லித் தெரியவரும். அந்த இடத்துல நான் கன்ட்ரோலரை வச்சுட்டு எங்கய்யனை நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க கேம்ல சங்கர் செத்தா, ‘மீண்டும் முயல்க’ன்னு ஒரு பட்டனைப் போட்டு முடிச்சுராதீங்க. எழுப்பறதுக்குன்னு ஒருத்தி இருக்கா. தங்காள் காடெல்லாம் தேடி வந்து, செத்துக் கிடக்கற அண்ணன்மாரைக் கண்டு, கொஞ்ச நேரத்துக்கு எழுப்பிப் பேசறா. ஒவ்வொரு தடவை நாம எந்திரிக்கும்போதும் அவகிட்டிருந்து ஏதோ ஒண்ணு குறையட்டும். என்ன குறையோணும்னு நீங்கதான் யோசிக்கோணும், எனக்குத் தெரியல.

கொம்பன் விசயம் அதைவிட முக்கியம். நான் கேட்ட கதையில கொம்பனைச் சங்கர் தனியா வெட்டிச் சாய்க்கல. வேட்டைக்குப் போகும்போது எல்லா நாயையும் கூட்டிட்டுப் போயிட்டு, பொன்னாச்சிங்கற குட்டி நாயை மட்டும் விட்டுட்டுப் போயிருவாங்க. அதுக்குக் கோவம். வேட்டைக்குப் போன கூட்டத்துக்கே பீடை புடிச்சுக்கும். அப்புறம் அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வந்தாத்தான், பன்னியோட கீழ்ப்பக்கம் பூந்து கடிக்காத இடத்துல கடிச்சு வைக்கும். அதுக்கப்புறம்தான் சங்கரோட ஈட்டிக்கு வேலை. பாடறவருக்குப் பாடறவரு மாறலாம், ஆனா இதைவிட நல்ல பாஸ் சண்டையை, அதாவது பெரிய எதிரியோட சண்டையை, எவன் எழுதுவான்? முதல்ல தோக்கோணும். பத்துத் தடவை தோக்கோணும். எந்தக் கத்தியை மாத்தினாலும் தோக்கோணும். வீட்டுத் திண்ணையில யாரை விட்டுட்டு வந்தோம்னு விளையாடறவன் தானா யோசிச்சுத் திரும்பி நடந்து போயி, ஒரு நாய் முன்னால குனியோணும். நீங்க காட்டின படத்துல நாயே இல்லீங்க.

இன்னொண்ணு, இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அண்ணன்மாரோட சண்டை போட்ட வேட்டுவரை வெறும் அரக்கன் மாதிரி வரையாதீங்க. காட்டைத் திருத்தி ஏர் பூட்டினவங்களுக்கும் அந்தக் காட்டையே நம்பி இருந்தவங்களுக்கும் நடந்த சண்டைங்க அது. கொம்பன் அவங்க செல்லமா வளத்த பன்னி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இன்னைக்கு உங்ககூட அதே காலேஜ்லதான் படிக்கறாங்க, உங்க கேமை அவங்களும் விளையாடுவாங்க. கெனிச்சிரோவுக்கு ஒரு ஊரைக் குடுத்த மாதிரி இவங்களுக்கும் ஒண்ணைக் குடுங்க.

செகிரோவோட முடிவு, நம்ம கையை வெட்டின அதே நாணல் வெளியிலதான் நடக்குது. கெனிச்சிரோ தன் உயிரையே குடுத்து, செத்துப்போன தாத்தன் இஷினை வாலிபத்தோட திரும்பக் கொண்டு வர்றான். அந்தத் தாத்தன் கோட்டையில நம்மகூட உக்காந்து, நாம குடுத்த சாராயத்தைக் குடிச்சுட்டுப் பழைய கதை பேசினவரு. அவர்மேல எனக்குக் கோவமே இல்ல. மூணு ராத்திரி ஆச்சு சாய்க்க. சாய்ச்சதுக்கு அப்புறம் டிவியை அணைச்சுட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். நாலு நாள் கழிச்சுத் தறி ஓட ஆரம்பிச்சுது.

உடுக்கடிச்சுக் கதை படிக்கற பெரியவரு ஒருத்தரு எங்க பக்கத்துல இருக்காரு. வயசு ஆச்சு, ஆனா குரல் இன்னும் போகல. ஒரு ஞாயித்துக்கிழமை ரெக்கார்டரோட வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். மதியச் சாப்பாடு நம்ம வீட்டுல. வர்றதுக்கு முன்னால ஒரு போன் போட்டுருங்க, தறி ஓடும்போது கதவைத் தட்டினா கேக்காது.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரன்