அக்காவுக்கு, நம் பெயரைப் பற்றி

அக்கா,

கல்லறைத் திருநாளுக்குள் வேலையை முடித்துவிடச் சொல்லி, கல் வெட்டுகிறவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன். அப்பாவின் பெயர் நீ கேட்ட மாதிரியே வரும். குடும்பப் பெயர் முதலில், பெரிய எழுத்தில். அதற்குப் பிறகு அவர் பெயர். உப்பளம் கல்லறையில் தாத்தாவின் கல்லில் இருக்கிறதே, அதே முறை. முடிவு என்னுடையது. பெரியப்பா வீட்டார் வற்புறுத்தி நான் இறங்கி வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போனில் சொல்லாமல் எல்லோரும் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் குரல் உயர்ந்துவிடுகிறது. அப்புறம், இது நம் வீட்டோடு முடிகிற விஷயமில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இப்படிப் பிரெஞ்சுக் காலத்துக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளும் உன் பெரியவனைப் போலத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நம் பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யார் என்று தெரிந்துவிடும். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்.

பெரியவன் போன மாதம் பேசினான். அங்கே பிரான்ஸில் 2022 ஜூலை முதல் சட்டம் மாறிவிட்டதாம். வயது வந்த யாரும் காரணம் சொல்லாமலே மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அம்மாவின் குடும்பப் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்ளலாம். ஒரு மாதம் யோசிக்க நேரம் கொடுப்பார்கள், பிறகு நேரில் போய் உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு நம் பெயர் வேண்டுமாம். நீ வேண்டாம் என்றாயாம். “அது வெள்ளைக்காரன் கொடுத்த பேர், விட்டுத் தள்ளு” என்றாயாம். அப்பாவின் கல்லில் அந்தப் பெயர் இல்லை என்று ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. இறந்தவருக்கு வேண்டிய பெயர் இருக்கிறவனுக்கு வேண்டாமா?

யாரும் கொடுக்கவில்லை அக்கா. நம் எள்ளுத்தாத்தா கேட்டு எடுத்துக்கொண்டார். அந்தக் காகிதம் அப்பாவின் பீரோவில் இருந்தது. உனக்கு அது தெரியாது. எனக்கும் இந்த வருஷம்தான் தெரியும்.

1881 செப்டம்பர் 21 அன்று ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் இருபத்தொரு வயது நிரம்பிய எவரும், எந்தச் சாதி, எந்த மதமானாலும், ஆணோ பெண்ணோ, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். திரும்பிப் போக முடியாது. மனைவியும் வயது வராத பிள்ளைகளும் கூடவே வருவார்கள். விட்டுவந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். இந்த ஆணையின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: தனக்கும் தன் சந்ததிக்கும் என்ன குடும்பப் பெயர் வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும். அதுவரை நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர், அதன் பின்னால் சாதி. சாதிப் பெயரைச் சொல்லக் கூசும்படி வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டார். வழக்கை பாரிஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு அவர் எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த். மற்றவர்கள் எடுத்துக்கொண்டவையும் பல விதம். சிலர் புனிதர்களின் பெயர், சிலர் பிரெஞ்சுச் சொல், இன்னும் சிலர் தங்கள் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக நிறுத்திக்கொண்டார்கள். ஒரே பெயரை இரண்டு வீட்டார் வைத்துக்கொண்டதால் அவர்கள் உறவாகிவிடுவதுமில்லை.

எள்ளுத்தாத்தா போனது 1882இல். பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் காகிதத்தை எனக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னார். மை பழுப்பாகிவிட்டது. மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு சொல் போய்விட்டது. அடியில் அதிகாரியின் கையெழுத்து சுருள் சுருளாக. அதற்குப் பக்கத்தில் எள்ளுத்தாத்தாவின் கையெழுத்து, தமிழில், பழைய பெயரில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு. கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. புதுப் பெயரை எழுத அவருக்குத் தெரியாது அக்கா. தெரியாத எழுத்தில் ஒரு பெயரைத் தன் பிள்ளைகளுக்காக வாங்கிவிட்டு, தெரிந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைப் போய் வெள்ளைக்காரன் கொடுத்தது என்கிறாயே.

சாதிப் பெயரை விடுவோம் என்று செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். இவர் அதற்கு நாற்பத்தேழு வருஷம் முன்னால். ஆனால் ரெனோன்சான் எல்லோரும் சாதியை விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். காகிதத்தில் விட்டதைக் கல்யாணத்தில் தேடிப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. நம் வீட்டில் எப்படி என்பதை இங்கே எழுத முடியாது. உனக்கே தெரியும்.

பெயர் ஊரைவிட்டுப் போனது சம்பளத்துக்காக. கொச்சின்சீனாவின், அதாவது தெற்கு வியட்நாமின், ஒரு பகுதி 1862லேயே பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய்விட்டது. அங்கே வரி வசூலுக்கும் சுங்கத்துக்கும் போலீஸுக்கும் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி ஆட்கள் கப்பல் கப்பலாக சைகோனுக்குப் போனார்கள். சட்டப்படி ரெனோன்சான் என்பதால் ஐரோப்பியனுக்குக் கொடுக்கிற நிபந்தனைகளை எங்களுக்கும் கொடு என்று வாதாட முடிந்தது. கொள்ளுத்தாத்தா போனார், தாத்தா போனார், பெரியப்பா அங்கேயே பிறந்தார். கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இறங்கித் தங்கிவிட்டார். இன்னொருவர் சைகோனில் வியட்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். 1954இல் பிரான்ஸ் அங்கே தோற்றபோது கொஞ்சம் பேர் கிளம்பினார்கள். சைகோன் 1975 ஏப்ரலில் விழுந்தபோது மிச்சம் பேர் கிளம்பினார்கள். பெரியப்பா வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அந்த வியட்நாமிய முகங்களுக்கும் நம் பெயர்தான். அவர்களுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. எள்ளுத்தாத்தா “தனக்கும் தன் சந்ததிக்கும்” என்று சொன்னபோது இவர்களும் அதில் இருந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, பிறகு ஏன் ஒரு வருஷம் மறுத்தேன்? அந்த அட்மிஷன் நாளால்தான். நீயும் அங்கே இருந்தாய்.

பள்ளிக்கூட ஆபீஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளார்க். எனக்கு ஒன்றாம் வகுப்பு, உனக்கு ஐந்து. அப்பா இரண்டு படிவத்தையும் வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார், அந்த அழகான கையெழுத்தில், குடும்பப் பெயரை முதலில் போட்டு. கிளார்க் அதைச் சத்தமாகப் படிக்கப் பார்த்தார், வரவில்லை. “இது என்ன பேருங்க? சட்டைக்காரங்களா?” என்றார், ஐரோப்பியக் கலப்பு வம்சமா என்ற அர்த்தத்தில். அப்பா இல்லை என்றார். “அப்ப சொந்தப் பேர் என்ன?” இதுதான் சொந்தப் பெயர் என்றார் அப்பா. “அது சரி, ஆளு யாரு?” என்று கேட்டார் கிளார்க். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்தார். படிவத்தில் குடும்பப் பெயருக்கு நடுவில் ஸ்கேலை வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு ஒரு புள்ளி வைத்தார். எனக்கு முதலில், பிறகு உனக்கு. ஸ்கேலை எடுத்த இடத்திலேயே வைத்தார். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் இனிஷியல் பிள்ளைகள்.

அன்று ராத்திரி உன் நோட்டு லேபிள் எல்லாவற்றிலும் நீ அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நீ பெயரை வைத்துக்கொண்டாய், நான் கோட்டை வைத்துக்கொண்டேன். தன் கையால் அடித்தவரின் தலைமாட்டில் அதே பெயரைத் திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை. உன்னைக் காக்க வைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள். ஆனால் அடக்கத்துக்கு மறுநாள் எழுத்தின் அளவைப் பற்றி வாட்ஸப்பில் கேட்டாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் நான்தான் இருந்தேன்.

பிறகு பீரோவில் 1882 காகிதத்துக்கு அடியில் இன்னொன்று கிடைத்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே பிறந்து இங்கே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் இந்தியர். அப்பா கொடுக்கவில்லை. “நான் இந்தியன், எழுதிக் கொடுக்கவில்லை” என்று அவர் சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். கொடுக்கத்தான் இல்லை அக்கா. எழுதியிருக்கிறார். 1963 ஜனவரி, பிரெஞ்சில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். அடியில் முழுப் பெயர், குடும்பப் பெயர் முதலில். உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருக்கிறார். ஏன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று கேட்க இனி ஆள் இல்லை. அறுபது வருஷம் கிழிக்காமல் வைத்திருந்தார் என்பது எனக்குப் போதும். அந்தக் கையெழுத்தைத்தான் கல் வெட்டுகிறவரிடம் மாதிரியாகக் காட்டினேன்.

அவர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ கணக்குப் போடுவாய். நானும் போட்டேன். நீ இருபத்திரண்டு வயதில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு மாதப் பழக்கத்தில், விசாவுக்கு ஏற்ற மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை. மாமாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, தங்கமான மனுஷர். இதைப் படிக்கிற யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விமான நிலையத்தில் நீ திரும்பிப் பார்க்காமல் போனது எனக்கு நினைவிருக்கிறது.

நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்றும் தெரியும். பெரியவன் சொன்னான். அங்கே அலுவலகங்களில் உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, நீ எழுந்து வந்ததும் முகத்தைப் பார்த்து, இது உங்கள் நிஜப் பெயரா, கல்யாணத்தில் வந்ததா என்று கேட்பார்களாம். முப்பது வருஷமாக நீ அட்டையை எடுத்துக் காட்டுகிறாயாம். இங்கே அப்பாவைக் கேட்டதை அங்கே உன்னைக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கல் விஷயத்தில் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கமாட்டேன். பிள்ளைக்கு அந்தக் கேள்வி வேண்டாம் என்று நீ நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அவனுக்கு வயது இருபத்தாறு. கேள்வி வரும் என்று தெரிந்துதான் கேட்கிறான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் உனக்கும் எனக்கும் சரிபாதி என்று ஊரில் யாரும் வாய் திறக்காமல் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் என் பெருந்தன்மை இல்லை. ரெனோன்சான் வம்சம் இந்தியக் குடியுரிமையில் இருந்தாலும் சொத்து விஷயத்தில் இன்றும் பிரெஞ்சுச் சட்டம்தான். அதில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே பங்கு. எள்ளுத்தாத்தா போட்ட கையெழுத்து இன்னும் வேலை செய்கிறது. பங்கை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் இரவல் என்று பிள்ளையிடம் சொல்வது சரியாகப் படவில்லை.

இரண்டு காகிதத்தையும் ஸ்கேன் செய்து பெரியவனுக்கு அனுப்பிவிட்டேன். அசலை நீ வரும்போது உன் கையில் தருகிறேன். 1963 கடிதத்தை நீ வைத்துக்கொள், 1882 என்னிடம் இருக்கட்டும். அவனிடம் கதையைத் திருத்திச் சொல். பெயரை எடுப்பதும் விடுவதும் அவன் பாடு. அப்புறம், ரெயூனியன் சித்தப்பா வகையறாவின் முகவரி உன்னிடம் இருக்கும், அனுப்பி வை. அங்கே பதிவில் நம் பெயரின் கடைசி எழுத்து ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது என்று பெரியப்பா எப்போதோ சொன்னார். எந்தத் தலைமுறையில் விடுபட்டது என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

தம்பி